கயிறு மாத்துனா கணக்கு முடிஞ்சுதா?

போன சனிக்கிழமை ராத்திரி, ஆணி அதிகமா இருந்ததால ஆபீஸ்லயே உக்காந்திருந்தேன். வண்டியூர்ல இருந்து மாமா போன்.

"மாப்ள, ஒரு குதிரை பாத்திருக்கேன். மார்வாரி. எண்பத்தஞ்சு சொல்றாய்ங்க, எண்பதுக்கு முடிச்சிரலாம்."

மாமாவுக்கு எல்கைப் பந்தயம்னா உசுரு. வீட்டுல ஏற்கெனவே ஒரு மட்டக்குதிரை நிக்குது. இந்த எண்பதாயிரம், அத்தையோட வளையலை அடகு வச்ச காசு.

"பேப்பர் இருக்கா மாமா?"ன்னேன்.

"இருந்துச்சாம், தொலைஞ்சு போச்சாம். குதிரைக்கு எதுக்குடா பேப்பரு? அது என்ன புல்லட்டா?"

சிரிச்சுட்டு வச்சுட்டார். எனக்குத்தான் தூக்கம் போச்சு. அந்தப் புலம்பல்தான் இந்தப் பதிவு.

மதுரைக்காரனுக்கு இந்த விஷயத்துல பாடம் சொல்ல வெளியாள் தேவையில்லை மக்கா. திருவாதவூர்க்காரர் ஒருத்தர், பாண்டியன்கிட்ட மந்திரி. குதிரை வாங்கக் கொடுத்த காசை திருப்பெருந்துறையில கோயில் பணிக்குச் செலவழிச்சுட்டார். அவரைக் காப்பாத்த சிவனே குதிரை வியாபாரியா வந்து நரிகளைக் குதிரையாக்கிக் கொண்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆவணி மூலத் திருவிழாவுல வருஷா வருஷம் பாக்குறோமே! ஆனா நாம கவனிக்காத ஒரு இடம் அதுல இருக்கு. பரஞ்சோதி முனிவரோட திருவிளையாடல் புராணத்துல குதிரைகளை ஒப்படைக்கிறப்போ "கயிறு மாறி"க் கொடுப்பாங்க. அதாவது வித்தவன் கயிறு வாங்குனவன் கைக்கு மாறிட்டா வியாபாரம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் நல்லதோ கெட்டதோ, வித்தவன் பொறுப்பில்ல. ராத்திரி குதிரையெல்லாம் நரியாச்சு. சும்மா ஓடிப் போகல, லாயத்துல நின்ன பழைய குதிரைகளையும் கடிச்சுக் குதறிட்டுத்தான் போச்சு.

புராணம்னு ஒதுக்கிடாதீங்க, வரலாறும் இதையேதான் சொல்லுது. பாரசீக எழுத்தாளர் வஸ்ஸாஃப் பாண்டிய நாட்டுக் குதிரை வியாபாரத்தைப் பத்தி எழுதியிருக்கார். 13ஆம் நூற்றாண்டுக் கடைசி. கீஷ் தீவு வியாபாரி ஜமாலுத்தீன் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்பணும், ஒண்ணு 220 தினார். வர்ற வழியில செத்துப்போற குதிரைக்கும் பாண்டியன் கஜானாதான் காசு கொடுக்கணுமாம்! ஆக, புராணத்துலயும் சரி, வரலாறுலயும் சரி, நம்ம ஊர்ல குதிரை வாங்குனவன் தலையிலதான் எல்லாப் பாரமும்.

இப்போ மாமா குதிரைக்கு வருவோம். அது மார்வாரின்னு சொல்ல புரோக்கர் காட்டுன ஒரே ஆதாரம், உள்பக்கமா வளைஞ்ச காது. அதே காது கத்தியவாரி குதிரைக்கும் உண்டு! மார்வாரி குதிரைகளைப் பதிவு பண்ண தனிச் சங்கமே இருக்கு. பதிவான குதிரைக்கு பாஸ்போர்ட் உண்டு, கழுத்துல மைக்ரோசிப் இருக்கும். சிப்புல 15 இலக்க எண். அதனால "பேப்பர் தொலைஞ்சு போச்சு"ங்கிறது பதிலே இல்லை. சிப்பை ஸ்கேனர்ல படிச்சு, பதிவு பண்ண சங்கத்துல எண்ணைச் சொல்லிக் கேட்டா, யார் பேர்ல இருக்குன்னு தெரிஞ்சிரும். உண்மையிலேயே தொலைச்சவன் அந்த அலைச்சலைத் தானே முன்னாடியே பட்டிருப்பான். சிப்பும் இல்லன்னா, சொன்ன சாதியும் இல்ல, சொன்ன விலையும் இல்ல. நாட்டுக் குதிரைன்னு நினைச்சுப் பேரம் பேசுங்க.

நம்ம பெருசுங்க பேப்பருக்குப் பதிலா சுழி பாப்பாங்க. இந்தச் சுழி இருந்தா ராசி, அந்தச் சுழி இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு. நானும் கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா ஐரோப்பாவுல குதிரை பாஸ்போர்ட்டைப் பாத்தா ஒரு குதிரைப் படம் போட்டு, அதுல நெத்தி வெள்ளையையும் சுழிகளையும் குறிச்சு வச்சிருக்காய்ங்க! ராசிக்கு இல்ல, அடையாளத்துக்கு. நம்மாளு சுழியைக் கண்ணால பாத்தான், அவன் எழுதி வச்சான். வித்தியாசம் அவ்வளவுதான்.

"பேப்பர் இல்லாட்டி என்ன குடியா முழுகிரும்?"னு கேக்கலாம். முழுகும்.

ஒண்ணு, அது திருட்டுக் குதிரையா இருந்தா? 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆவது பிரிவு சொல்றது இதுதான்: வித்தவனுக்கே உரிமை இல்லாத பொருள், பொதுவா வாங்குனவனுக்கும் சொந்தமாகாது. உண்மையான சொந்தக்காரன் வந்தா குதிரை அவனோட போயிரும், அத்தை வளையல் அடகுக்கடையிலயே இருக்கும்.

ரெண்டு, கிளாண்டர்ஸ்னு ஒரு நோய். குதிரைக்கு வந்தா மனுஷனுக்கும் ஒட்டும், தடுப்பூசி கிடையாது. உறுதியாச்சுன்னா குதிரையைக் கொல்லத்தான் சொல்வாங்க. அடையாளமே இல்லாத குதிரைக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தாலும், அது இந்தக் குதிரையோடதுதான்னு எதை வச்சு நம்புறது? லாயத்துல நிக்கிற மட்டக்குதிரையை நினைச்சுப் பாருங்க. நரிக் கதைதான் திரும்ப.

பசுமாட்டுக்கே காதுல 12 இலக்க எண் மாட்டுற காலம் இது. அதைவிட விலை ஜாஸ்தியான குதிரையை வாய் வார்த்தையில வாங்குறது தைரியம் இல்ல, ஏமாளித்தனம்.

நாட்டுக் குதிரைக்கு பெரும்பாலும் பேப்பர் இருக்காது, ஒத்துக்கறேன். அப்போ நாமளே உண்டாக்கணும். நான் மாமாகிட்ட கேட்டது நாலே நாலு: விக்கிறவரோட அடையாள அட்டை நகல், நிறம்-சுழி-தழும்பு எல்லாம் எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்தோட ரசீது, நாலு பக்கமும் போட்டோ, கால்நடை மருத்துவர் நேர்ல பாத்து ரத்தம் எடுத்த அறிக்கை. அது வர்ற வரைக்கும் காசும் கிடையாது, லாயமும் கிடையாது.

மாமா அரைமனசா புரோக்கர்கிட்ட சொல்லியிருக்கார். "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?"ன்னுட்டு குதிரையைக் கூட்டிக்கிட்டுப் போனவர்தான், இன்னும் திரும்பல. மாமா என்கூடப் பேசறதில்ல. அத்தை மட்டும் நேத்து போன் பண்ணி, "சாப்டியாடா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

டிஸ்கி: சித்திரைத் திருவிழாவுல தங்கக் குதிரையில வைகையில இறங்கிட்டு எங்க வண்டியூருக்கு வர்ற அழகர்கிட்ட மட்டும் யாரும் பேப்பர் கேக்கறதில்ல. சொந்தக்காரர் யாருன்னு ஊருக்கே தெரியுமே!