ரோட்டை டிராக் ஆக்கிவிட்டார்கள், டிராக்கை யார் கட்டுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் ரேஸுக்கு எதிரி இல்லை. 2011-ல் நொய்டாவில் முதல் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தபோது எனக்கு எட்டு வயது. அன்றிலிருந்து பைத்தியம். பி.காம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லேப் டைம் பார்க்கிற ஜாதி. அந்த உரிமையில்தான் திட்டப் போகிறேன். பிடிக்காதவர்கள் திட்டினால் வயிற்றெரிச்சல், பிடித்தவன் திட்டினால் அக்கறை. சரிதானே?

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் வரும் குளோசிங் ஸ்டாக் மாதிரியேதான் :-) கடையில் ஸ்டாக்கில் இருக்கிற, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கார். அதை வைத்து ஓட்டுவதால் அந்தப் பெயர். 1948-ல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு இதில்தான் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த காரைத் திங்கட்கிழமை ஷோரூமில் கேட்டு வருவார்கள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. இன்றைக்கு ஓடும் நாஸ்கார் கார்களுக்கும் ஷோரூம் கார்களுக்கும் முகச்சாயலைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை என்பது வேறு கதை. 2004-லும் 2014-லும் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை மாற்றினார்கள். வருஷம் முழுக்க நன்றாக ஓட்டியவனைவிடக் கடைசி நாளில் நன்றாக ஓட்டியவன் பெரியவன் ஆகிவிட்டான் என்று அங்கத்திய பழைய ரசிகர்கள் பல வருஷம் புலம்பினார்கள்.

அவர்களுக்குப் புலம்ப ஒரு சீசனாவது இருக்கிறது. நமக்கு?

நம்மிடமும் ஒரு காலத்தில் அசல் ஸ்டாக் கார் பந்தயம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. மகாராஜாக்களின் வெளிநாட்டுக் கார்களும் ஓடின, தெருவில் போகிற பியட்டும் ஹெரால்டும் ஓடின. பார்க்க வந்தவன், "இது நம்ம மாமா வச்சிருக்கிற வண்டிடா" என்று சொல்ல முடிந்தது. ரசிகனுக்கும் பந்தயத்துக்கும் இருந்த கயிறு அதுதான். பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அந்த கிளப்பே சொந்தமாக டிராக் போட்டது. கோயம்புத்தூரில் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார். 'பார்முலா மாருதி' அப்படி வந்ததுதான். குடும்பங்கள் மளிகை வாங்கப் போன காரின் எஞ்சின், டிராக்கில் ஓடியது. அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்தக் கோயம்புத்தூரிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன்னுக்குப் போனார். அதே ஆண்டு இண்டியானாபோலிஸில் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். 2010-ல் நாஸ்காரின் டிரக் பிரிவிலும் ஓட்டி, அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருதையும் வாங்கினார். அதாவது ஸ்டாக் கார் தாய்வீட்டிலேயே நம்ம ஊர்க்காரர் ஒருவர் பெயர் வாங்கிவிட்டு வந்திருக்கிறார். இது எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சரி, நோய்க்கு வருவோம்.

நோய் ஒன்று: திருவிழா மோகம்.

வணிகவியலில் முதல் வருஷமே ஒரு பாடம் உண்டு. மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. மிஷின் வாங்கினால் பத்து வருஷம் உழைக்கும். பந்தல் போட்டால் கல்யாணம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். நம் நாட்டு ரேஸ் முழுக்கப் பந்தல் செலவு. ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரியில் பார்முலா ஈ நடந்தது. அரசு மாறியது, 2024 பந்தயம் ரத்து. நொய்டாவில் மோட்டோ ஜிபி 2023 செப்டம்பரில் வந்தது. 2024-ல் வரவில்லை. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ரோட்டை டிராக் ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. அரசு ஒதுக்கிய தொகை 40 கோடிக்கு மேல் என்று செய்தி வந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. இரவு வெளிச்சத்தில் பார்க்க அழகாக இருந்ததா? இருந்தது. நானே வாயைப் பிளந்து பார்த்தேன். முடிந்ததும் தடுப்புச் சுவரை எடுத்தார்கள், பஸ் ஓடியது. ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய பையனுக்கு அங்கே என்ன மிஞ்சியது?

"நொய்டாவில் நிரந்தர டிராக் கட்டினார்களே, அது என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே டிராக் உருப்படியானது, கணக்குதான் கோணல். 2009-லேயே மத்திய விளையாட்டு அமைச்சகம் இதை விளையாட்டாக ஏற்கத் தயங்கியது. கேளிக்கை என்றால் கேளிக்கை வரி, காரை இறக்கினால் சுங்கப் பிரச்சினை. மூன்றே வருஷம், 2011, 2012, 2013. மூன்றையும் வெட்டல் ஜெயித்தார், அப்புறம் கடையைச் சாத்திவிட்டார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த டிராக்கை வெளிநாட்டுக் கம்பெனியின் 'நிரந்தர நிறுவனம்' என்று சொல்லி, வருமானத்துக்கு இங்கே வரி கட்டச் சொன்னது. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. வரியை முதலில் பேசி முடிக்காமல் டிராக்கைக் கட்டியதில்தான் குறை. விலை கேட்காமல் சாப்பிட்டுவிட்டு பில் வந்ததும் முழித்த கதை.

நோய் இரண்டு: விளம்பரப் பணம்.

நம்மிடம் கடையில் விற்கிற கார்களின் பந்தயம் நடுவில் மறுபடி வந்தது. வோக்ஸ்வேகன் போலோ கப், டொயோட்டா எட்டியோஸ் என்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஓட்டுபவனின் திறமைதான் வித்தியாசம். எனக்கு ரொம்பப் பிடித்த வகை. ஆனால் அந்த மாடலுக்கு விளம்பரம் தேவைப்படுகிற வரைதான் அந்த மாதிரிப் போட்டிக்கு ஆயுசு. போட்டி என்பது மார்க்கெட்டிங் கணக்கில் ஒரு வரி. கம்பெனி அந்த வரியை அடித்தால் சாம்பியன்ஷிப் செத்தது. நான் கம்பெனிகளைக் குறை சொல்லவில்லை, லாபம் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஒரு விளையாட்டு முழுவதையும் அவர்கள் தயவில் விட்டதைத்தான் சொல்கிறேன்.

நோய் மூன்று: ஏணியில் கீழ்ப்படி கிடையாது.

கிரிக்கெட்டுக்கு ஒரு மட்டையும் வயக்காடும் போதும். கபடிக்கு அதுகூட வேண்டாம். ரேஸுக்கு வண்டி, டயர், மெக்கானிக், உடை, லைசென்ஸ், கட்டணம். பெரும்பாலும் ஓட்டுபவனே பணம் கொண்டு வர வேண்டும். அதனால் யார் வேகமானவன் என்ற கேள்விக்கு முன்னால் யார் வசதியானவன் என்ற கேள்வி வந்து நிற்கிறது. அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் அணியை வைத்துப் பிரிவில் மூன்றாமிடம் வாங்கியபோது ஊரே கொண்டாடியது. நானும்தான். ஆனால் ஒரு நடிகர் சம்பாதித்து அணி வைத்தால்தான் நமக்கு மேடை என்றால், சினிமாவுக்குப் போகாதவன் என்ன செய்வான்?

இப்போது எதிர்க்கேள்வி. "இது பணக்கார விளையாட்டு, நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா?"

இருக்கிறது. அதில் ஒன்று எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு காலையில் வந்து பாருங்கள். செல்போனை ஹெல்மெட்டில் கட்டிக்கொண்டு, வளைவில் முட்டி உரசுகிற மாதிரி சாய்கிறவர்கள் எத்தனை பேர் என்று. அதே வளைவில் எதிரே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப் வரும். உள்ளே பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் பெண்கள், தூக்குவாளியில் கஞ்சி. அவர்கள் எந்த ரேஸுக்கும் டிக்கெட் எடுத்தவர்கள் இல்லை. வேகத்தின் விலையை அவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

"போலீஸ் பிடித்து பைன் போடட்டும்" என்பது பாதிப் பதில். போடட்டும். ஆனால் ஆசையை அபராதத்தால் அணைக்க முடியாது. அதற்கு ஒரு இடம் கொடுத்து, விதி கொடுத்து, பக்கத்தில் ஆம்புலன்ஸை நிறுத்த வேண்டும். டிராக் என்றால் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் கே.இ. குமார் என்ற மூத்த ஓட்டுநரும், ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவனும் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தின்போதே இறந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், பணம் போவதாக இருந்தால் வாணவேடிக்கைக்குப் போகாமல் தடுப்புக்கும் டாக்டருக்கும் பயிற்சிக்கும் போகட்டும். வயது வரம்பு பற்றி உட்கார்ந்து பேசட்டும்.

நான் கேட்பது பார்முலா ஒன் இல்லை. மாவட்டத்துக்கு ஒன்று வேண்டாம், மண்டலத்துக்கு ஒரு சின்ன டிராக் போதும். மதுரைப் பக்கம் ஏதாவது பொட்டல் காட்டில் ஒரு கிலோமீட்டர் தார் போட்டால் போதும். சொந்த வண்டியோடு வந்து, சோதனை முடித்து, பயிற்சி எடுத்து, சனிக்கிழமை ஓட்டிவிட்டுப் போகட்டும். பழைய மாருதிக்கு ஒரு பிரிவு, ஜீப்புக்கு ஒரு பிரிவு. 17 வளைவில் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிற எங்கள் ஊர் ஜீப் டிரைவர் அண்ணன்களை அதில் இறக்கிவிட்டால் தெரியும், இந்த மாநிலத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவன் யார் என்று.

சோழவரம் காலி ஓடுதளத்தில்தான் ஆரம்பித்தது. அங்கே மின்விளக்கு அலங்காரம் இல்லை. ஓட்ட இடம் இருந்தது, ஓட்டுகிறவன் வந்தான், பார்க்கக் கூட்டமும் வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, கூட்டத்தை முதலில் கூட்டிவிட்டு ஓட்டுகிறவனை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற வரைக்கும் இந்த நோய் தீராது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு "நீ முதல்ல அரியர் கிளியர் பண்ணுடா" என்று சொல்லப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: அரியர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் காஸ்டிங். அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் :-)