காவல் எவர் கையில்?

2018 மார்ச்சில் திகன பற்றியெரிந்தபோது அரசாங்கம் முகநூலை முடக்கியது. முஸ்லிம்களைக் கொல்லுமாறு சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவுகள் குறித்து முறையிட்டோருக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதிலே அந்நிறுவனத்திடமிருந்து கிடைத்திருந்தது. சிங்களம் அறிந்த கண்காணிப்பாளர்கள் அங்கு போதியளவில் இருக்கவில்லை. அது மன்னிப்புக் கோரியதோ 2020 மே மாதத்தில். எரிந்த கடைகளுக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே, கட்டுப்பாடே வேண்டாமென நாம் கூறமாட்டோம். அது எவர் கையில் இருப்பது என்பதே எமது கவலை. வெறுப்புப் பேச்சைக் குற்றமாக்கிய 2007ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் சிறுபான்மையினருக்கு அரணாகும் எனக் கருதப்பட்டது. ஆனால், 2020 ஏப்ரலில் அதே சட்டத்தின் கீழ், முகநூல் பதிவொன்றுக்காகக் கைதான முஸ்லிம் ஒருவர் ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் வாடினார். அக்கைது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரிலேயே.

2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவரிடம் ஒப்படைத்தது. நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை என்பது சிறு ஆறுதல். முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூரும் பதிவும், ஜனாஸா எரிப்பைக் கண்டித்த பதிவும் அந்த ஐவருக்கு எவ்வாறு தென்படும்? வன்முறைத் தூண்டலை நீதிமன்றமே விசாரிக்கட்டும். தமிழும் சிங்களமும் அறிந்த கண்காணிப்பாளர்களை அமர்த்துமாறு நிறுவனங்களை நிர்ப்பந்திப்பதே அரசாங்கம் முதலில் செய்யவேண்டியது.