கள்ளும் மருந்தும்

திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். பரந்தனில் யான் மாணாக்கர்க்கு முன்னதையே பல்லாண்டு அழுத்திப் போதித்து வந்தேன். சென்ற தவணையில் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்பாவும் உங்களிட்டைத்தானே இதைப் படிச்சவர், பிறகு ஏன் குடிக்கிறார்?" என்றான். விடையறியாது நின்றேன்.

போதனை குற்றத்தைக் கடியும், காரணத்தைக் காணாது. நோயின் காரணத்தை நாடுக என்பதே மருந்து அதிகாரம் காட்டும் நெறி. அதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும். 1974இல் அமெரிக்காவில் எழுந்த தேசிய போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறைக்கு நெடுங்காலம் பெரும்பொருள் வழங்கி வந்துள்ளது. ஆயினும், 2009இல் முடிந்த போரிலே உற்றாரை இழந்து வன்னிக்கு மீண்டவர் குடிக்கும் காரணத்தை அயல்நாட்டு வினாக்கொத்து மட்டும் காட்டிவிடுமோ?

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் உண்டு. வவுனியாவில் 2021 முதல் பல்கலைக்கழகம் உண்டு. இவை ஒன்றுகூடி வினாவை வகுக்க, உலகம் பொருளும் முறையும் உதவுக. மதுவால் அரசு பெறும் வரியில் ஒரு பங்கும் இதற்காகுக. கண்ட முடிபு தமிழிலே எம்மூர்க்கு மீள்க.

அதுகாறும் அம்மாணாக்கனுக்கு 95ஆம் அதிகாரத்தை எம்முகத்தோடு கற்பிப்பேன்?