கரியமில வாயுவின் சகவாசம்

சோடா அருந்தும் எவரும் தம்மையறியாமலே நாவினால் பரீட்சித்துவிட்ட ரசாயன உண்மை ஒன்று உண்டு: கரியமில வாயு தண்ணீரில் கரையும்போது புளிப்பு உண்டாகிறது. கார்பானிக் அமிலம் என்னும் அந்தப் புளிப்பு, புட்டிக்குள் இருக்கும் வரையில் பரம சாது. எண்பது, நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எஃகுக் குழாய்க்குள் தேங்கிய நீரோடு அகப்பட்டுக்கொண்டாலோ, வருஷத்துக்குப் பல மில்லிமீட்டர் கனத்தைத் தின்றுவிடும் சக்தி அதற்கு வந்துவிடுகிறது.

ஆலைப் புகையிலிருந்து இவ்வாயுவைப் பிரித்தெடுத்து, குழாய் வழியே கொண்டுபோய்ப் பூமிக்கடியில் அடைத்துவிடலாம் என்ற யோசனையைக் குறித்து ஐயம் எழுப்புவோருக்கு, அமெரிக்காவில் 1972 முதலே இத்தகைய குழாய்கள் இயங்கி வருகின்றன, இன்று அவற்றின் நீளம் சுமார் 8,000 கிலோமீட்டர் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. வாஸ்தவந்தான். ஆனால் கொலராடோவிலிருந்து டெக்ஸாஸ் எண்ணெய் வயல்களுக்கு 800 கிலோமீட்டர் ஓடும் கார்ட்டெஸ் குழாயைப் போல், அவற்றில் பெரும்பாலானவை சுமப்பது பூமியே இயற்கையாகத் தந்து, மனிதர் நன்றாக உலர்த்தி அனுப்பும் வாயுவை; உலர்ந்த வாயு எஃகைத் தீண்டுவதில்லை. அதற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரத்தை ஆலைப் புகைக்கும் பெயர் மாற்றிக் கொடுப்பது நியாயமாகாது.

ஏனெனில் புகையிலிருந்து வரும் வாயு தனியாக வருவதில்லை. கந்தக டையாக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடுகள், பிராணவாயு, சில சமயம் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய பரிவாரங்களும் அற்ப அளவிலேனும் கூட வருகின்றன. தனித்திருந்தால் வாயுவிலேயே கரைந்து, சொட்டாகப் பிரியாமல் கிடந்திருக்கக்கூடிய சொற்ப ஈரம்கூட, இவை ஒன்றோடொன்று கலந்து வினைபுரியும்போது கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் குழாயின் சுவரில் இறங்கிவிடுகிறது என்பதை நார்வே ஆய்வுக்கூடங்களில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. அத்தேசத்தின் நார்தர்ன் லைட்ஸ் திட்டம், கப்பலில் வரும் வாயுவைக் கடலடியில் நூறு கிலோமீட்டர் குழாயில் செலுத்தி, கடற்படுகைக்கு 2,600 மீட்டர் கீழே இறக்குகிறது. அதில் நீருக்கு வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 30 பங்குதான். அமெரிக்கக் குழாய்கள் சிலவற்றிலோ ஏறக்குறைய 600 வரை அனுமதி உண்டு.

வரம்பைக் கடுமையாக்கினால் உலர்த்தும் செலவும் சுத்திகரிக்கும் செலவும் ஆலைக்காரர் தலையில் விழுகின்றன. ஆகவே ‘கொஞ்சம் தளர்த்தலாமே’ என்ற குரல் அவர்கள் பக்கமிருந்து எழுவது இயல்பே. துருப்பிடிக்காத எஃகில் குழாய் போடலாம் என்பாரும் உளர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அதன் விலையைக் கேட்ட மாத்திரத்தில் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

2020 பிப்ரவரி 22 அன்று, மிஸ்ஸிஸிப்பி மாகாணத்து சட்டார்ஷியா கிராமத்தருகே இத்தகைய குழாயொன்று உடைந்தது. உடைத்தது அரிப்பன்று, மழையில் சரிந்த மண். எனினும் குழாய் பிளந்தால் நேரக்கூடியது இன்னதென்று அன்று தெரிந்தது: காற்றைவிடக் கனத்த அவ்வாயு தாழ்ந்த நிலத்தில் படர்ந்து நிற்க, பிராணவாயு இன்றி மோட்டார் வண்டிகள் வழியிலேயே நின்றன, சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர், 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வந்திருப்பது என்ன வாயு என்பதே முதலில் உதவிக்கு ஓடியவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

ஆதலால் ஈர வரம்பைக் கம்பெனிகளின் ஒப்பந்தத்துக்குள் ஒளித்துவைக்காமல் சட்டத்திலேயே எழுதவேண்டும். வரம்பு மீறிய வாயுவை நுழைவாயிலிலேயே தானாக அடைத்துவிடும் வால்வு வேண்டும். ஈரமானியின் கணக்கை, குழாய் எந்த ஊரின் வழியே போகிறதோ அந்த ஊராருக்கும் மாதந்தோறும் காட்டவேண்டும்.