நிற்க வைப்பதால் வியாபாரம் வளர்வதில்லை

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் ஊழியர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி எல்லாருக்கும் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனாலும் பெரிய ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு அடைக்கும்வரை நின்றே வேலை பார்ப்பவர்களை இன்றும் காண்கிறோம். இதற்கு வியாபார வட்டாரத்தில் சில நியாயங்கள் சொல்லப்படுகின்றன: ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு, சுறுசுறுப்பு போய்விடும், நிற்பது பழகிப்போன ஒன்று, அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, இதெல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது, சட்டம் எதற்கு? இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், இந்த வழக்கத்தால் கடைக்கு உண்மையான லாபம் எதுவும் இல்லை என்பதும், அதன் முழு விலையையும் ஊழியரின் கால்களே கொடுக்கின்றன என்பதும் தெளிவாகும்.

முதலில் மரியாதை. நம் ஜவுளி வியாபாரத்தின் பழைய வழக்கமே உட்கார்ந்து விற்பதுதான். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் பலவற்றில் இன்றும் வெள்ளை விரிப்பில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்கிறார்கள். புடவைகள் மடிமடியாகப் பிரிந்து நடுவில் விழுகின்றன. ஒரு குடும்பத்தின் கல்யாணத்துக்கே அப்படி ஜவுளி எடுத்து முடித்துவிடலாம். அங்கே எந்த வாடிக்கையாளரும் தன்னை அவமதித்ததாக நினைத்ததில்லை. விற்பவரை நாள் முழுக்க நிற்க வைக்கும் ஏற்பாடு பல மாடிக் கட்டடங்களும் நீண்ட கவுன்ட்டர்களும் வந்தபோது வேரூன்றியது. அதே கடையில் கல்லாவில் இருக்கும் முதலாளி உட்கார்ந்துதான் இருக்கிறார். வங்கி ஊழியர் உட்கார்ந்தபடியே நம் பணத்தை எண்ணித் தருகிறார், மருத்துவர் உட்கார்ந்தபடியே நாடி பார்க்கிறார். இவர்களில் யாரும் நம்மை மதிக்கவில்லை என்று நாம் எண்ணுவதில்லை. ஆகவே, உட்காருவதில் மரியாதைக் குறைவு இருக்கிறது என்ற எண்ணம் சம்பளம் குறைந்தவர்கள் விஷயத்தில் மட்டுமே எழுகிறது. வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து முகம் மலர்ந்து வரவேற்பதில்தான் உபசாரம் இருக்கிறது. அதற்கு முந்தைய அரைமணி நேரம் அவர் நின்றாரா, உட்கார்ந்தாரா என்பதால் அந்த வரவேற்பு குறைந்துவிடாது. வலிக்கும் கால்களோடு நிற்பவரின் சிரிப்பில்தான் குறை தெரியும்.

இரண்டாவது, சுறுசுறுப்பு. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சூப்பர் மார்க்கெட் காசாளர்கள் உட்கார்ந்தே பில் போடுகிறார்கள். அங்கெல்லாம் வரிசை நகராமல் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் காசாளர்களை நிற்க வைப்பது வழக்கம் என்றாலும், அங்கேயே ஆல்டி நிறுவனம் தன் காசாளர்களுக்கு இருக்கை தருகிறது. விலைக் குறைவையும் வேகத்தையும் நம்பித் தொழில் நடத்தும் நிறுவனம் அது. கலிஃபோர்னியாவில் மருந்துக்கடை, வங்கிக் காசாளர்கள் தொடுத்த வழக்கில் இதே வாதம் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2016இல், குறிப்பிட்ட இடத்தில் செய்யும் வேலையின் தன்மை உட்கார இடம் கொடுக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. நின்றுதான் செய்ய வேண்டும் என்ற முதலாளியின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அது மட்டுமே வழக்கைத் தீர்மானிக்காது என்றும் விளக்கியது. நம் கடைகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். துணியைப் பிரித்துக் காட்டும்போதும், மேல் தட்டிலிருந்து கட்டை இறக்கும்போதும் நிற்கத்தான் வேண்டும். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் வெறும் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பதால் ஒரு சேலைகூடக் கூடுதலாக விற்காது. சாயங்காலம் கூட்டம் நெருக்கும்போது தேவைப்படும் தெம்பு அந்த வேளையிலேயே வீணாகக் கரைந்துவிடுகிறது.

மூன்றாவது, பழகிப்போகும் என்ற நம்பிக்கை. கால்களுக்கு இறங்கும் ரத்தம் மேலேறி இதயத்துக்குத் திரும்புவதற்குக் கெண்டைக்கால் தசைகளின் அசைவு உதவ வேண்டும். நடக்கும்போது அது நடக்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்குகிறது, நாளங்களின் சுவர்கள் விரிகின்றன, பாதம் வீங்குகிறது, நரம்புச் சுருட்டு வருகிறது. டென்மார்க்கில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, வேலை செய்யும் வயதினர் நரம்புச் சுருட்டுக்காக மருத்துவமனையில் சேருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேலையில் நீண்ட நேரம் நிற்பதால் வருவதாகக் கணித்தது. கனடாவின் ஒண்டாரியோவில் ஏறக்குறைய 7,300 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பெரும்பாலும் நின்று செய்யும் வேலைகளில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் இருந்தவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இதய நோய் அபாயம் இருந்தது. உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் சட்டம் யாரையும் நாள் முழுக்க உட்காரச் சொல்லவில்லை. நிற்பதும் நடப்பதும் உட்காருவதும் மாறி மாறி அமைவதுதான் உடம்புக்கு வேண்டும். அந்த மாற்றத்தை ஊழியரே தன் உடம்பின் தேவையறிந்து செய்துகொள்ள ஓர் இருக்கை அருகில் இருக்க வேண்டும். மதிய உணவு இடைவேளை போதாதா என்றால், அது சாப்பாட்டுக்கே சரியாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள மணிக்கணக்கான நிற்பை அது சரிசெய்வதில்லை.

ஊழியர்களே கேட்கவில்லையே என்றும் சொல்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து சென்னை ஜவுளிக்கடைகளுக்கு வரும் இளைஞர்களில் பலர் கடை ஏற்பாடு செய்த விடுதியில் தங்குகிறார்கள், கடை தரும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். வேலை போனால் படுக்க இடமும் போய்விடும். அப்படிப்பட்டவர் சூப்பர்வைசரிடம் போய் நாற்காலி கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. சேர்ந்து நின்றபோது கேட்டிருக்கிறார்கள் என்பதற்குக் கேரளம் சாட்சி. கோழிக்கோட்டில் விஜி என்பவரும் அவர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பும் முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள். கழிப்பறை இல்லாத கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நோயில் விழுந்ததுதான் அதன் பின்னணி. பிறகு அந்தப் போராட்டம் உட்காரும் உரிமைக்கு விரிந்தது. திருச்சூரிலும் ஜவுளிக்கடைப் பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமை கேட்டுத் தெருவில் அமர்ந்தார்கள். 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. மூன்று ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு அந்த வழியில் வந்தது.

கடைசியாக, முதலாளியின் மனசுக்கு விட்டுவிடலாமே என்ற வாதம். நல்ல மனசுள்ள முதலாளிகள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கடையில் எல்லாரும் நிற்கும்போது தன் கடையில் மட்டும் உட்கார வைத்தால் பெயர் கெடுமோ என்ற அச்சம் அவர்களையும் தடுக்கிறது. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. இந்த விதி புதுமையானதும் அல்ல. நின்று வேலை செய்யும் தொழிலாளர் கிடைக்கும் வாய்ப்பில் இளைப்பாற இருக்கை வசதி வேண்டும் என்று இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் 1948லேயே, 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. மூன்று பெண் விற்பனையாளர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரிட்டன் 1899லேயே சட்டம் இயற்றியது. இடம் போதாது என்ற குறையும் இதிலேயே தீர்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரப்போவதில்லை. மடக்கு ஸ்டூலும் கவுன்ட்டருக்கு அடியில் தள்ளிவைக்கும் முக்காலியும் சதுர அடியைத் தின்பதில்லை. இவற்றுக்கு ஆகும் செலவு, கால்வலி தாங்காமல் ஒருவர் வேலையை விட்டுவிட்டால் புதிய ஆளைத் தேடி, துணி ரகங்களையும் விலைகளையும் சொல்லிக்கொடுத்துத் தயார்செய்ய ஆகும் செலவைவிட மிகக் குறைவு.

நாற்காலி வாங்கிப் போடுவதோடு முதலாளியின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஓய்வறையில் நாற்காலி இருந்து, கவுன்ட்டர் அருகே இல்லாவிட்டால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது. உட்கார்ந்ததற்காக யாரையும் கண்டிக்கக் கூடாது, கேமராப் பதிவைக் காட்டிச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று ஃப்ளோர் சூப்பர்வைசர்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். கழிப்பறையும் குடிநீரும் தளத்துக்குத் தளம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் நிற்கும் வேலையைக் குறைத்துத்தர வேண்டும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி நாற்காலிகளை எண்ணிக் கையெழுத்திட்டுப் போகக் கூடாது. அவற்றில் ஊழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் மரியாதையைக் காரணம் காட்டித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள். அந்த மரியாதை எங்களுக்குத் தேவையில்லை என்று கல்லாவில் இருப்பவரிடம் நாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், இந்த வழக்கத்துக்குச் சொல்ல ஒரு நியாயமும் மிஞ்சாது.