12 வோல்ட்டின் சூடு

மாருதி ஈகோவையோ பழைய ஆம்னியையோ வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு படுக்கையும் சின்ன அடுப்புமாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் என் பழக்கத்திலேயே சிலர் இருக்கிறார்கள். எந்த பிளைவுட், எந்த மெத்தை என்று மாதக்கணக்கில் அலைவார்கள். ஒயரிங் என்று வந்ததும், “12 வோல்ட்தானே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காது” என்று கடைசி நேரத்தில் அவசரமாக முடித்துவிடுவார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

ஷாக் அடிக்காதுதான். ஆனால் எரியும். வீட்டில் 1000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள் இழுக்கிறது. அதையே வண்டியில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 90 ஆம்பியர் புறப்பட வேண்டும். வீட்டு வேலையில் மிஞ்சிய 4 ஸ்கொயர் எம்.எம். ஒயரைப் போக ஒன்றரை மீட்டர், வர ஒன்றரை மீட்டர் என்று இழுத்தால் அந்த ஒயரிலேயே 100 வாட்டுக்கு மேல் சூடாகிப் போய்விடும். 35 ஸ்கொயர் போட்டால் அதுவே 12 வாட்டுக்கு இறங்கும். காசு அதிகம்தான். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

ஒயரைவிட அதன் முனைகள்தான் அதிகம் காலை வாருகின்றன. ஒரு நட்டு சரியாக முறுகாமல் அந்த இடத்தில் இரண்டரை மில்லி ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 25 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் அந்த 25 வாட்தான். அதைப் பற்றவைத்துப் படுக்கைக்குக் கீழே, பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தூங்குவோமா?

மதுரையில் தம்பி ஒருவர் தன் ஈகோவைத் திறந்து காட்டினார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு கேபிள் தரைத் தகட்டில் போட்ட ஓட்டை வழியாக இறங்கி, மறுபக்கம் ஏறி இன்வெர்ட்டருக்குப் போகிறது. இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். “ஃபியூஸ் போட்டாச்சுண்ணே” என்றார். கேபிளை அந்த ஓட்டையருகே லேசாகத் திருப்பச் சொன்னேன். ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் கூரான விளிம்பு பட்டுப்பட்டு, சிவப்பு உறையில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் வண்டி குலுங்கினால் உள்ளே இருக்கும் செம்பு பாடியைத் தொடும். அப்போது மின்சாரம் ஃபியூஸுக்கு வந்து சேராமலே பாடி வழியாகத் திரும்பிவிடும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். ஃபியூஸ் காப்பது ஒயரை, இன்வெர்ட்டரை அல்ல. அதனால் அதன் இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். கார் ஆடியோ கடையில் கிடைக்கும் மலிவு ஃபியூஸும் போதாது. அத்தனை ஆம்பியரை அறுக்கும் திறனுள்ள, டி.சி.க்கென்று குறிக்கப்பட்ட எச்.ஆர்.சி. ஃபியூஸோ கிளாஸ் டி ஃபியூஸோதான் வேண்டும். தம்பி அன்றைக்கே கேபிளை மாற்றினார்.

இந்த வண்டிகளில் போடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் மேல் எனக்குக் குறையே இல்லை. இந்தச் சேர்மத்தை 1997-இல் உலகுக்குச் சொன்னது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடெனஃப்பின் ஆய்வுக்குழு. அந்தச் சேர்மத்தில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருக்கிறது. அதனால் செல் சூடேறினாலும் செல்போன் பேட்டரி போல எளிதில் வெடித்துத் தீப்பிடிப்பதில்லை. இவ்வளவு சாதுவான செல்லை வாங்கிவிட்டு ஒயரில் தீயை வரவழைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்துச் சார்ஜ் செய்வதையும் விட்டுவிடுங்கள். இந்த பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் சூட்டில் கருகிப் போகும். ஓடும்போது பேட்டரியின் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். திடீரென்று துண்டித்தால் எகிறும் வோல்ட்டேஜில் ஆல்டர்னேட்டரின் டயோடும் போகும். நடுவே ஒரு டி.சி.–டி.சி. சார்ஜர் இருக்கட்டும்.

வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கணக்குப் போட முடியாது. பாதிக்கு மேலே இருந்தாலும் கொஞ்சம் கீழே வந்தாலும் 13 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும். நெகட்டிவ் பக்கம் ஒரு ஷன்ட் போட்டு, போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் அது எண்ணட்டும். அவ்வப்போது முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். செல்கள் சமமாவது அந்த உச்சியில்தான்.

ஈகோவிலும் ஆம்னியிலும் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பேட்டரியை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லின் ஆயுளைத் தின்னும். நம் ஊர் மே மாத வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் அது வெகு சுலபமாக எட்டிவிடும் சூடு. ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டி அவலாஞ்சிப் பக்கம் போனால் கதை தலைகீழ். செல் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கையில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். வெயில் ஏறி செல்லின் சில்லிப்பு போகும்வரை சோலார் சுவிட்சைப் போடாமல் இருங்கள்.

மாதம் ஒருமுறை டார்க் ரெஞ்சால் நட்டுகளைச் சரிபாருங்கள். அடுப்பைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, ஒயர் முனையில் இருக்கும் ஒவ்வொரு லக்கையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் குறிபாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உடனே கழற்றி, மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

வண்டியை நாட்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சும்மா ஓடும் இன்வெர்ட்டர் 10 வாட் குடித்தாலே முழுச் சார்ஜில் இருக்கும் 100 ஆம்பியர்-அவர் பேட்டரியும் ஐந்தாறு நாளில் காலி. அப்படியே மறந்து, ஒரு செல் அடியோடு வடிந்து பல நாள் கிடந்தால் உள்ளே செம்புத் தகடே கரையத் தொடங்கும். அதைத் தட்டியெழுப்பித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த செல்லை மாற்றிவிடுங்கள்.