கால்பந்தாட்டம் குத்தகைப் பொருளா?

1911ஆம் வருஷம் ஜூலை 29ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியார், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்ற கணக்கில் வென்றனர். அன்று தேசம் அடைந்த பெருமிதம் சரித்திரப் பிரசித்தம். பின்னர் 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டுகளில் தங்கப் பதக்கம் பெற்றோம். 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் வந்தோம். அத்தகைய தேசத்தில் 2025 ஜூலையில், முதல்தரத் தொழில்முறைப் பந்தயமான இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம் யாது? ஆட்டக்காரர்கள் இல்லையா? மைதானம் இல்லையா? ஓர் ஒப்பந்தம் தவணை முடியும் தறுவாயில் இருந்தது, அவ்வளவே!

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010ல் சுமார் 700 கோடி ரூபாய்க்குத் தன் வர்த்தக உரிமைகளைப் பதினைந்து வருஷங்களுக்குத் தனியாரிடம் ஒப்படைத்தது. 2014ல் எட்டுக் கோஷ்டிகளுடன் லீக் பிறந்தது. அதனால் நன்மை விளையவில்லை என்று நாம் கூறோம். மைதானங்கள் நிரம்பின, நமது வாலிபர்கள் பந்தாடிப் பிழைக்க வழி ஏற்பட்டது. ஆயினும் தவணை நெருங்கியதும் அடுத்த பருவம் நடக்குமா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. சில கழகங்கள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. பிறர் நிலத்தில் கட்டிய வீட்டின் கதி இதுதான்.

சென்னைவாசிகளுக்கு இது புதிய அநுபவமன்று. 2018-19ல் ஐ-லீக் பட்டத்தை வென்றது சென்னை சிட்டி கழகம். இரண்டே வருஷங்களில் அது தேசிய லீக்கிலிருந்து மறைந்தது. ஊரார் அதைத் தமது உடைமையாகக் கருதியிருந்தால் அவ்வளவு மௌனமாக அது மறைந்திருக்குமா?

ஜப்பானைப் பாருங்கள். அங்கும் ஒரு காலத்தில் கம்பெனிகளின் கோஷ்டிகளே ஆடி வந்தன. 1993ல் பத்துக் கழகங்களுடன் ஜே-லீக் தொடங்கியபோது, கழகம் ஓர் ஊரைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், சிறுவர் கோஷ்டிகளை நடத்த வேண்டும் என்று விதித்தார்கள். 1996ல் நூறு வருஷத்துக்கான நோக்கத்தைப் பிரகடனம் செய்தார்கள். 1998ல் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. 1999ல் இரண்டாம் பிரிவை ஏற்படுத்தினார்கள். 2024ல் மூன்று பிரிவுகளில் அறுபது கழகங்கள் ஆடின.

ஜப்பான் பணக்கார தேசம், அதனால் இயன்றது என்பர் சிலர். அங்கும் பணமுடை வந்தது. 1998ல் பொருளுதவி செய்து வந்த கம்பெனியொன்று விலகிக்கொள்ளவே, யோகஹாமா புளூகல்ஸ் கழகம் அதே ஊரின் வேறொரு கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1999 ஜனவரி முதல் தேதி சக்கரவர்த்தி கோப்பையை வென்றதே அதன் கடைசி ஆட்டம். ஆனால் அதன் அபிமானிகள் அழுதுகொண்டு வீடு திரும்பிவிடவில்லை. பணம் திரட்டி, யோகஹாமா எப்.ஸி. என்ற புதிய கழகத்தை ஸ்தாபித்தனர். 2007ல் அது முதல் பிரிவிலேயே ஆடியது! கம்பெனி போனாலும் ஊர் போகவில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. வர்த்தக உரிமையை ஏலம் விடலாம். ஆனால் பருவம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சம்மேளனத்தையும் கழகங்களையும் விட்டு அகலலாகாது. இரண்டாவது, வென்றவர் மேலேறவும் தோற்றவர் கீழிறங்கவும் வேண்டும். 2023ல்தான் பஞ்சாப் கழகம் ஐ-லீக்கை வென்று முதன்முதலாக மேலேறிற்று. 2014 முதல் 2025 வரை கீழிறங்கியவர் எவருமில்லை. வீழ்ச்சிக்கு அஞ்ச வேண்டாதவன் உயர்ச்சிக்கு ஏன் பாடுபடுவான்? மூன்றாவது, கழகத்தின் பங்குகளில் ஒரு பகுதியேனும் ஊராருக்குச் சிறு சந்தாவில் கிடைக்க வேண்டும்.

இவையெல்லாம் டில்லியில் மட்டும் ஆகக்கூடிய காரியங்கள் அல்ல. ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டத்தை நள்ளிரவில் கண்விழித்துப் பார்க்கும் நம்மவரில் எத்தனை பேர் தமது ஜில்லா லீக் ஆட்டத்துக்குச் சென்றிருப்பர்? காலியான மைதானத்தைப் பார்த்து எந்த முதலாளியும் நெடுநாள் பணம் போடமாட்டான். எந்தச் சிறுவனும் நெடுநாள் கனவு காணமாட்டான். கனவு நம்முடையதென்றால் கட்டணமும் நம்முடையதே. வரும் ஞாயிற்றுக்கிழமையே மைதானத்துக்குச் செல்லுங்கள்.